ஊர் திரும்பும் முன் ஒரு மிஷனரிக் குடும்பம் பேசி முடிக்க வேண்டியவை

ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. அவரும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் பல வருடங்களாக வேற்று நாடு ஒன்றில் மிஷனரிகளாக இருக்கிறார்கள். காலம் முடிந்து, சில மாதங்களில் தாய்நாடு திரும்புகிறார்கள். எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை என்ற பாரம் அவருக்கு இருக்கிறது. அனுப்பிய சபையோ அவர்களுடைய சாட்சியைக் கேட்க ஆவலாகக் காத்திருக்கிறது. மூத்த மகள் கொஞ்ச நாளாக யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. "இந்த வருடங்களை நாங்கள் எப்படிப் புரிந்துகொள்வது? சபையில் என்ன சொல்வது? மறுபடியும் போவோம் என்று இப்போதே வாக்குக் கொடுக்கலாமா?" என்று கேட்கிறார்.

சகோதரி, சபைக்கான அறிக்கையை இப்போதைக்கு எழுத ஆரம்பிக்காதீர்கள். பணித்தளத்திலிருந்து திரும்பும் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் பல வருடங்களாக என் வேலை. குடும்பம் தனக்குள் பேசி முடிக்கும் முன்பே அறிக்கை தயாராகிவிட்டால், அந்த அறிக்கையே குடும்பத்தின் நினைவாகவும் ஆகிவிடுகிறது. சபை சபையாகப் போய் அதே கதையைச் சொல்லச் சொல்ல, அதில் இடம் பெறாதவை மெல்லக் காணாமல் போகின்றன. பெரும்பாலும் அப்படிக் காணாமல் போவது மனைவியின் வருடங்களும் பிள்ளைகளின் வருடங்களும்தான். அதனால் முதல் பேச்சு உங்கள் நான்கு பேருக்குள் நடக்கட்டும். அதுவும் இப்போது, அந்த வீட்டிலேயே, பெட்டி கட்டுவதற்கு முன்னால். ஊருக்கு வந்தபின் பள்ளிச் சேர்க்கை, வாடகை வீடு, உறவினர் வருகை என்று ஆரம்பித்துவிட்டால் அதற்கு நேரமே வாய்க்காது.

ஒரே வீட்டில் இருந்தாலும் நீங்கள் நான்கு பேரும் வாழ்ந்தது ஒரே ஊழியத்தை அல்ல. இங்கிலாந்து மிஷனரி வில்லியம் கேரியை நாம் எல்லோரும் அறிவோம். 1793ல் இந்தியாவுக்குக் கப்பலேறினார், 1834ல் செராம்பூரில் இறக்கும் வரை இங்கிலாந்துக்குத் திரும்பவே இல்லை. அவர் மனைவி டாரதி முதலில் வர மறுத்தவர். பிறந்து சில வாரங்களே ஆன குழந்தையோடு, தங்கை துணைக்கு வருவதாகச் சொன்ன பிறகுதான் கிளம்பினார். மறுவருடமே ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுக்கடுப்பில் இறந்தான். அதன்பின் டாரதியின் மனம் நிலைகுலைந்தது, 1807ல் இறக்கும் வரை தேறவில்லை. கேரியின் மொழிபெயர்ப்புகளைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம். அதே வீட்டில் டாரதி வாழ்ந்த வருடங்களையும் சேர்த்தால்தான் அந்த ஊழியத்தின் கதை முழுமையாகும்.

எனவே ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சொல்லட்டும். இங்கே எனக்குக் கிடைத்தது என்ன, நான் இழந்தது என்ன, இன்னும் கோபம் இருப்பது எதில், யாரை விட்டுப் போவது கஷ்டம் என்று. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் திருத்தவோ ஆறுதல் வசனம் சொல்லவோ வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஊழியக்காரர் வீடுகளில் வசனம் சில நேரம் வாயை அடைக்கும் மூடியாகிவிடுகிறது. "எனக்கு இங்கே தனிமையாக இருந்தது" என்று மனைவி சொன்னதும் "கர்த்தர் நம்மோடு இருந்தாரே" என்று கணவர் பதில் சொன்னால், அவர் சொன்னது உண்மைதான், ஆனால் மனைவி மேற்கொண்டு எதுவும் சொல்ல மாட்டார். சங்கீதங்களில் எத்தனை புலம்பல்கள் இருக்கின்றன! வேதமே அழ இடம் கொடுக்கும்போது நாம் ஏன் தடுக்க வேண்டும்?

அடுத்து, பலன் குறைவு என்ற உங்கள் பாரம். பர்மாவுக்குப் போன மிஷனரி அதோனிராம் ஜட்சன் 1812ல் அமெரிக்காவை விட்டுக் கிளம்பி, 1813ல் ரங்கூன் சேர்ந்தார். முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற்றது 1819ல். இடையில் ஏறக்குறைய ஆறு வருடங்கள். ஐந்தாம் வருடத்தில் அவர் ஊருக்குத் திரும்பியிருந்தால் எண்ணிக் காட்ட ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார். அதற்காக அந்த ஐந்து வருடமும் வீண் என்று ஆகாது. அப்போது கற்ற மொழிதான் பின்னாளில் பர்மிய பைபிளாயிற்று. ஆனால் ஜட்சன் கதையைக் காட்டி "உங்களுக்கும் பின்னால் பெரிய அறுவடை வரும்" என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். வராமலும் போகலாம். பலன் வந்தால்தான் அந்த வருடங்களுக்கு மதிப்பு என்றால், அழைத்தவரை விட எண்ணிக்கைக்கு அதிக இடம் கொடுத்துவிட்டோம் என்று அர்த்தம். இயேசு ஊழியத்துக்கு அனுப்பிய எழுபது பேர் சந்தோஷமாகத் திரும்பி வந்து பிசாசுகளும் கீழ்ப்படிகின்றன என்று சொன்னபோதே, அதற்காக அல்ல, உங்கள் பெயர்கள் பரலோகத்தில் எழுதப்பட்டிருக்கிறதற்காகச் சந்தோஷப்படுங்கள் என்றுதான் இயேசு சொன்னார். லூக்கா 10ஆம் அதிகாரத்தைக் கிளம்பும் முன் குடும்பமாகப் படியுங்கள்.

வேதத்தில் வேற்று நாட்டிலிருந்து ஊர் திரும்பும் குடும்பம் என்றால் எனக்கு முதலில் நினைவு வருவது நகோமிதான். மோவாபில் சுமார் பத்து வருடம். கணவரையும் இரண்டு மகன்களையும் அங்கே புதைத்துவிட்டு பெத்லெகேமுக்கு வருகிறாள். நிறைவோடு போனேன், கர்த்தர் என்னை வெறுமையாகத் திரும்பப் பண்ணினார், என்னை மாராள், அதாவது கசப்பானவள், என்று கூப்பிடுங்கள் என்கிறாள். அந்தக் கசப்பை வேதம் கண்டிக்கவில்லை, அப்படியே எழுதி வைத்திருக்கிறது. ஆனால் வெறுமை என்று அவள் சொல்லும் அந்த நேரத்தில் மருமகள் ரூத் பக்கத்திலேயே நிற்கிறாள்! சகோதரி, உங்கள் அருகில் நிற்பது யார் என்று பாருங்கள். பக்கத்து வீட்டுப் பெண்மணி, உங்களுக்கு மொழி கற்றுத்தந்தவர், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவில் வண்டி எடுத்து வந்தவர். ஊழிய அறிக்கையில் "நாங்கள் செய்தது" என்ற பத்தி எப்போதும் நீளமாக இருக்கும். "எங்களுக்குச் செய்யப்பட்டது" என்று ஒரு பத்தி எழுதிப் பாருங்கள். எனக்குத் தெரிந்த குடும்பங்களில், பாரம் குறைய ஆரம்பித்தது அநேகமாக அந்தப் பத்தியை எழுதும்போதுதான்.

முடிந்தால் உள்ளூர் விசுவாசிகளிடமே கேளுங்கள்: "எங்களால் உங்களுக்கு உதவியாக இருந்தது எது, கஷ்டமாக இருந்தது எது?" இதைக் கேட்க மனத்தாழ்மை வேண்டும். வரும் பதில் நீங்கள் நினைத்தே பார்க்காததாக இருக்கும். பெரிய கூட்டங்களை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை, ஒரு சாவு வீட்டில் நீங்கள் வெறுமனே உட்கார்ந்திருந்ததைச் சொல்வார்கள்.

இப்போது உங்கள் மகள். அவளைப் பற்றித்தான் எனக்கு அதிக அக்கறை.

"நம்ம ஊருக்குப் போகிறோம்" என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அது உங்களுக்கும் கணவருக்கும் உண்மை. அவளுக்கு அது விடுமுறையில் பார்த்த ஊர். அவள் நண்பர்கள், அவள் கனவு காணும் மொழி, அவள் சைக்கிள் ஓட்டக் கற்ற தெரு எல்லாம் நீங்கள் இப்போது இருக்கும் இடத்தில்தான். நீங்கள் வீடு திரும்புகிறீர்கள், அவள் வீட்டை விட்டுப் போகிறாள். ஒரே விமானத்தில் இரண்டும் நடக்கிறது. அவள் பேசாமலிருப்பதை அடங்காமை என்றோ ஆவிக்குரிய குறைவு என்றோ எடுத்துக்கொள்ளாதீர்கள். அது துக்கம். எல்லோரும் சந்தோஷமாக இருக்கும் வீட்டில் துக்கத்தைச் சொல்ல இடம் கிடைக்காதபோது பிள்ளைகள் மௌனமாகிவிடுவார்கள்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் அல்ல. 1950களில் ரூத் ஹில் யூசீம் என்ற அமெரிக்க சமூகவியலாளர் கணவரோடும் மூன்று மகன்களோடும் இந்தியாவுக்கு வந்து, இங்கே வேலை செய்த அமெரிக்கர்களை ஆராய்ந்தார். பெற்றோரின் நாடும் முழுதாகச் சொந்தமில்லை, வளர்ந்த நாடும் முழுதாகச் சொந்தமில்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு மூன்றாம் பண்பாட்டில் வளர்கிறார்கள் என்று அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு 'மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்' எனப் பெயர் வைத்தார். அவர்களோடு வாழ்நாள் முழுக்க வேலை செய்த டேவிட் போலக் ஓர் எளிய முறையைச் சொல்லிக் கொடுத்தார்: கிளம்பும் முன் மனஸ்தாபம் உள்ளவர்களோடு ஒப்புரவாகுங்கள், நன்றி சொல்ல வேண்டியவர்களுக்கு வாய் திறந்து நன்றி சொல்லுங்கள், முறையாக விடைபெறுங்கள், போகும் இடத்தைப் பற்றி உள்ளபடி யோசியுங்கள். இதில் மூன்றாவதைத்தான் மிஷனரிக் குடும்பங்கள் பெரும்பாலும் அவசரத்தில் விட்டுவிடுகின்றன. ஆட்களிடம் மட்டுமல்ல, இடங்களிடமும் பொருள்களிடமும் விடைபெற வேண்டும். மகளை அவளுக்குப் பிடித்த இடங்களுக்கு எல்லாம் ஒரு முறை கூட்டிப் போங்கள். படம் எடுக்கட்டும், அழட்டும். வளர்ப்புப் பிராணி இருந்தால் அது யார் வீட்டுக்குப் போகிறது என்பதை அவளே முடிவு செய்யட்டும். பெட்டியின் எடையைப் பார்த்து நீங்கள் தூக்கிப் போட நினைக்கும் ஏதோ ஒரு பழைய பொருள் அவளுக்கு அந்த நாடு முழுவதுமாக இருக்கலாம். கேட்காமல் எதையும் போடாதீர்கள்.

பழைய மிஷனரிப் பிள்ளைகள் இதைவிடப் பெரிய விலை கொடுத்தார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும். எரிக் லிடல் 1902ல் சீனாவில் பிறந்தவர். சின்னஞ்சிறு வயதிலேயே அண்ணனோடு இங்கிலாந்தில் மிஷனரிப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் விடப்பட்டார். பெற்றோர் சீனா திரும்பினார்கள், வருடக்கணக்கில் கடிதங்கள்தான் உறவு. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பிறகு அவரும் சீனாவுக்கே மிஷனரியாகப் போனார். போர் நெருங்கியபோது கர்ப்பிணி மனைவியையும் இரண்டு மகள்களையும் கனடாவுக்கு அனுப்பினார். 1945ல் ஜப்பானியரின் தடுப்பு முகாமில் மூளைக் கட்டியால் இறந்தார். மூன்றாவது மகளை அவர் பார்க்கவே இல்லை. இதைச் சொல்வது உங்கள் மகளின் துக்கத்தைச் சிறிதாக்க அல்ல. மிஷனரிப் பிள்ளைகள் யாரும் தாங்களாக அழைப்பைத் தேர்ந்துகொள்வதில்லை, ஆனாலும் அதன் பாரத்தைச் சுமக்கிறார்கள். உங்கள் மகளிடம் அதை ஒரு முறை சொல்லி நன்றி கூறுங்கள். "இது நாங்கள் எடுத்த முடிவு, நீயும் அதற்காக விட்டுக்கொடுத்திருக்கிறாய், எங்களுக்குத் தெரியும்." பெற்றோர் வாயிலிருந்து வரும் இந்த வார்த்தைக்குப் பெரிய பலம் உண்டு. இளையவனிடமும் சொல்லுங்கள், அவன் சிரித்துக்கொண்டே இருந்தாலும்.

அந்த ஊர் சபையிடம் விடைபெறுவதைப் பற்றி ஒரு வார்த்தை. அப்போஸ்தலர் 20ல் பவுல் எபேசு மூப்பர்களை மிலேத்துவுக்கு வரவழைத்துப் பேசுகிறார். எதையும் மறைக்காமல் அறிவித்தேன், யாருடைய பொன்னையும் வஸ்திரத்தையும் இச்சிக்கவில்லை, இனி மந்தை உங்கள் பொறுப்பு என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, முழங்கால்படியிட்டு ஜெபிக்கிறார். எல்லோரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். கணக்கும் கண்ணீரும் ஒன்றாக இருக்கும் காட்சி அது. நீங்களும் சாவி, பணக் கணக்கு, பொறுப்புகள் எல்லாவற்றையும் எழுத்தில் ஒப்படையுங்கள். ஒப்படைத்த பிறகு வாட்ஸ்அப்பிலிருந்து சபையை நடத்தாதீர்கள். 19ஆம் நூற்றாண்டில் சர்ச் மிஷனரி சங்கத்தின் செயலாளராக இருந்த ஹென்றி வென், உள்ளூர் சபை தானே தன்னை ஆண்டு, தானே தாங்கி, தானே பரவும் நிலையை அடைய வேண்டும், மிஷனரி அங்கிருந்து விலகிப் போக வேண்டும் என்று அன்றே வற்புறுத்தினார். நீங்கள் கிளம்புவதும் அந்தச் சபைக்கு நீங்கள் செய்யும் ஊழியம்தான். யாரிடமாவது மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தால் நேரில் கேட்டுவிடுங்கள். கடல் கடந்த பிறகு அது கடிதமாகத்தான் போகும், கடிதத்தில் முகம் தெரியாது.

சரி, இனி சபைக்குச் சொல்லும் சாட்சி. பவுலும் பர்னபாவும் அந்தியோகியாவுக்குத் திரும்பி, சபையைக் கூடிவரச் செய்து, தேவன் தங்களைக் கொண்டு செய்தவற்றை அறிவித்தார்கள். வழியில் பெர்கேயில் யோவான் மாற்கு பிரிந்து போனதையும், லீஸ்திராவில் கல்லெறிபட்டதையும் அவர்கள் மறைத்திருக்க முடியாது, பவுலின் உடம்பே சாட்சியாக இருந்திருக்கும். உங்கள் சாட்சியிலும் வெற்றியும் இருக்கட்டும், பதில் கிடைக்காத ஜெபமும் இருக்கட்டும். சபை சில நேரம் ஏமாற்றமடையும், அதற்குத் தயாராக இருங்கள். ஜட்சன் 33 வருடங்களுக்குப் பிறகு 1845ல் முதல் முறையாக அமெரிக்கா வந்தார். மனைவி சாரா வரும் வழியில் செயின்ட் ஹெலினா தீவில் இறந்திருந்தார். தொண்டை பலவீனம், குரல் எழும்பாது, அவர் மெல்லச் சொன்னதை இன்னொருவர் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. தாய்மொழியே தடுமாறியது. மக்கள் சாகசக் கதைகளை எதிர்பார்த்து வந்தார்கள், அவர் கிறிஸ்துவைப் பற்றி மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்தார். பலருக்கு ஏமாற்றம். அவ்வளவு பெரிய மனிதருக்கே அப்படி.

பிள்ளைகளைக் கேட்காமல் மேடை ஏற்றாதீர்கள், அந்த நாட்டு உடையைப் போட்டுப் பாடச் சொல்லாதீர்கள். உள்ளூர் விசுவாசிகளின் படத்தையும் பெயரையும் அனுமதியில்லாமல் திரையில் போடாதீர்கள். மதம் மாறியதற்குத் தண்டனையோ குடும்பப் பகையோ வரும் இடங்கள் உண்டு, சபையில் ஒருவர் எடுத்துப் பகிரும் ஒரே படம் போதும் அங்கே ஒரு உயிருக்கு ஆபத்து வர. பேச்சில் மூன்று அளவுகள் வைத்துக்கொள்ளுங்கள்: வாசலில் கேட்பவருக்கு ஒரு நிமிடம், கூட்டத்துக்குப் பத்து நிமிடம், உண்மையிலேயே கேட்க வருபவருக்கு ஒரு மாலை முழுக்க. மூன்றாவது வகை ஆட்கள் சிலரே இருப்பார்கள். அவர்களை இப்போதே யோசித்து வையுங்கள். இதற்கு அப்பால், உங்களுக்கு மேலதிகாரியாக இல்லாத, அனுபவமுள்ள ஒருவரோடு குடும்பமாக உட்கார்ந்து பேச ஏற்பாடு செய்யும்படி அனுப்பிய அமைப்பிடம் கேளுங்கள். அடுத்த நியமனத்தை முடிவு செய்பவரிடம் யாரும் மனம் திறக்க மாட்டார்கள்.

ஊர் வந்த முதல் சில வாரங்கள் இனிமையாகவே போகும், அப்புறம்தான் சறுக்கும். ஜான், ஜீன் கல்லஹார்ன் என்ற ஆய்வாளர் தம்பதி 1963லேயே இதை எழுதினார்கள்: வெளிநாட்டில் முதலில் உற்சாகம், பிறகு தளர்ச்சி, பிறகு தேறுதல் என்று போகும் கோடு, ஊர் திரும்பியபின் மறுபடி ஒருமுறை இறங்கி ஏறுகிறது. லெஸ்லி நியூபிகின் 1936ல் இந்தியா வந்து, மதுரையிலும் சென்னையிலும் பேராயராக இருந்து, 1974ல் மனைவி ஹெலனோடு பஸ்களில் தரைவழியாகவே இங்கிலாந்து போனார். கையில் இரண்டு பெட்டி, ஒரு முதுகுப் பை. இந்தியாவிலிருந்து வந்ததில் எது கஷ்டம் என்று கேட்டால், இங்கிலாந்தில் எதிர்காலத்தின் மேல் நம்பிக்கை காணாமல் போயிருப்பதுதான் என்பார். அவர் அங்கேயே மடங்கிவிடவில்லை. எழுபது வயதைத் தாண்டியபின் பர்மிங்காமில் சிறைச்சாலை எதிரில் இருந்த ஒரு சின்னச் சபையை நடத்தினார், தாய்நாட்டையும் பணித்தளமாகப் பார்க்கத் தொடங்கினார். ஊர் உங்களுக்கு அந்நியமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். வெளியிலிருந்து பார்க்கும் கண்ணும் ஒரு வரம்தான், ஆனால் வந்த மாதத்திலேயே சபையைத் திருத்த அதைப் பயன்படுத்தாதீர்கள். உடம்பையும் பாருங்கள். மலேரியா உள்ள நாட்டிலிருந்து வருகிறீர்கள் என்றால், மாதங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் மருத்துவரிடம் எந்த நாட்டில் இருந்தோம் என்பதை முதலிலேயே சொல்லுங்கள்.

கடைசியாக, மறுபடி போவோம் என்ற வாக்கு. இப்போது கொடுக்காதீர்கள், மேடையில் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அப்போஸ்தலர்கள் திரும்பி வந்து செய்ததையெல்லாம் அறிவித்தபோது இயேசு அடுத்த ஊரின் பெயரைச் சொல்லவில்லை, தனியான இடத்துக்கு வந்து சற்று இளைப்பாறுங்கள் என்றுதான் சொன்னார். பவுலும் பர்னபாவும் அறிக்கை கொடுத்தபின் அந்தியோகியாவில் சீஷர்களோடு அநேக நாள் தங்கியிருந்தார்கள். யாராவது கேட்டால், "ஒரு வருடம் ஜெபித்துவிட்டுச் சொல்கிறோம்" என்று கணவரும் நீங்களும் ஒரே பதிலாகச் சொல்லுங்கள். அந்த ஒரு வருடத்தில் மகளையும் கேளுங்கள். போவதா இல்லையா என்ற முடிவை அவள் தலையில் வைக்க வேண்டாம், ஆனால் அவள் என்ன நினைக்கிறாள் என்று தெரியாமல் நீங்கள் முடிவெடுக்கவும் வேண்டாம்.